துவக்குக் குழலின் இந்தப் பக்கம்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், பிரெஞ்சு பேசும் குளிர்நாட்டு நகரான லாசாலில் நான் வேலை செய்த பட்டறையில், வேட்டைத் துவக்குகளுக்குப் புதுக் குழல் பொருத்துகிறவர் ஒருவர் இருந்தார். மன்னார்க்காரர், என்னைவிட இளையவர். இமைகள் எப்போதும் பாதி மூடியிருக்கும். குழல் திருகும்போது இறுகிவிட்டால் மற்றவர்கள் பலத்தைப் போடுவார்கள். அவர் கையை எடுத்துவிட்டுக் கண்களை முழுதாக மூடிக்கொள்வார்.

ஒரு நாள் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மான் வேட்டைக்குப் போகும் ஒருவரின் துவக்கில் புதுக் குழல் இரண்டு சுற்றுக்குமேல் ஏறவில்லை. கழற்றி, திருகுபுரிகளில் நீல மை பூசி, மெல்லத் திருகி, மறுபடி கழற்றினார். ஓரிடத்தில் மட்டும் மை அழிந்து இரும்பு மினுங்கியது.

“இதிலைதான் பிடிக்குது அக்கா.”

அங்கே மட்டும் சிறு அரத்தால் தடவினார். குழல் விரலுக்கே சுழன்று ஏறியது. பிறகு பின்பக்கத்தால் குழலுக்குள் கண்ணை வைத்து, யன்னலைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

“நேராய் இருக்கோ தம்பி?”

“ஓம். இந்தப் பக்கத்தாலை பாத்தா ஸ்னோ விழுறது வடிவாய்த் தெரியுது.”

“மற்றப் பக்கத்தாலை?”

“ஊரிலை ஒருக்கா என்ரை நெத்திக்கு நேர பிடிச்சவங்கள். உள்ளுக்கை ஒண்டும் தெரியேல்லை.”

எண்ணெய்த் துணியால் குழலைத் துடைக்கத் தொடங்கினார்.

வேட்டைக்காரர் வந்தார். ‘மெர்சி’ என்று நன்றி சொல்லி, தோட்டா போடாத துவக்கைத் தோளில் வைத்துச் சுவரைக் குறிபார்த்தார். மன்னார்க்காரர் மெதுவாக நகர்ந்து அவருடைய முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

நகரமெல்லாம் வேறு வேலை இருக்க இந்தத் தம்பி ஏன் துவக்கு வேலைக்கு வந்தார் என்று நான் கேட்கவேயில்லை. பனி விழும்போது மட்டும், குழல்வழி அவர் கண்ணில் விழுந்த அந்தச் சின்ன வட்ட வெளிச்சத்தோடு அவர் நினைவு வருகிறது.