இறந்தவர்கள் பெயரில் ஓடிய ரேடியோ

நல்லம்பள்ளியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த ஒரு கிறிஸ்தவ நடுநிலைப் பள்ளியில் நான் ஆசிரியையாகச் சேர்ந்தபோது, அங்கே ஒரு ரேடியோ இருந்தது. ஆனால் அது பாடவில்லை. தலைமையாசிரியை அறையில், அலமாரிக்கு மேல், பூப்போட்ட துணி உறைக்குள் இருந்தது. பெங்களூருக்குப் போய் மரக்கடை வைத்துச் சம்பாதித்த உள்ளூர்க்காரர் ஒருவர், தான் படித்த பள்ளி என்று வாங்கிக் கொடுத்தது. மதிய நேரத்தில் வானொலியில் வரும் பள்ளி ஒலிபரப்பைப் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

அவர் கொடுத்தது பெட்டி. பெட்டிக்குள் போடும் பேட்டரிக் கட்டைகளைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. பள்ளிக்கு மின் இணைப்பு இல்லை. அவர் போட்டுக் கொடுத்த கட்டைகள் தீர்ந்ததும் ரேடியோ அலமாரிக்கு மேல் போய்விட்டது.

தலைமையாசிரியை ஒரு கன்னியாஸ்திரி. சிஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வெளி மாவட்டத்துக்காரர். நான் சேர்ந்த வாரம், அவர் பழைய கட்டைகளை ஜன்னல் திட்டில் வெயிலில் காய வைத்திருந்தார். சூடு ஏறினால் கொஞ்ச நேரம் ஓடும். அன்று ஏழாம் வகுப்புக்கு ஒலிபரப்பு இருந்தது. ரேடியோவைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். வணக்கம் சொல்லி, பாடத்தின் தலைப்பைச் சொன்ன கையோடு குரல் கரைந்துபோனது.

எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. ரேடியோவில் பேசுகிறவர்கள் வேகமாகப் பேசுவார்கள். அவர்கள் முடித்த பிறகு எல்லாவற்றையும் நான் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் சிஸ்டர் விடுவதாக இல்லை. கட்டை வாங்கப் பணம் கேட்டு எங்கெங்கோ எழுதினார். பெட்டி வாங்க உதவி இருந்தது, கட்டை வாங்க எந்தத் திட்டத்திலும் இடம் இல்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. அந்த மாதம் முழுக்க வீட்டில் இறந்தவர்களுக்காகப் பூசை வைக்கச் சொல்லி ஊர்க்காரர்கள் மாதா கோயிலில் காணிக்கை கொடுப்பார்கள். பூசையில் பங்குச் சாமியார் அந்தப் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்வார். இதைப் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டருக்கு ஒரு யோசனை வந்தது. சாமியாரிடம் கேட்டுவிட்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் எழுந்து பேசினார்.

"பூசைக்குக் குடுக்கிறது அப்படியே இருக்கட்டும். அதோட, முடிஞ்சவங்க, உங்க வீட்டுல இறந்தவங்க பேர்ல ரேடியோவுக்குக் கட்டை வாங்கிக் குடுங்க. அந்தக் கட்டை தீர்ற வரைக்கும், பாடம் கேக்கிறதுக்கு முன்னால பிள்ளைங்க அவங்க பேரச் சொல்லி ஜெபம் பண்ணுவாங்க."

கோயிலை விட்டு வெளியே வந்ததும் ஒருவர், "எங்கப்பன் உசுரோட இருந்தப்ப ரேடியோச் சத்தம்னாலே ஆவாது. இப்ப அவரு பேருலயே பாடப்போவுதா?" என்று சிரித்தார். முதலில் கட்டை வாங்கி வந்தவரும் அவர்தான்.

அதன்பிறகு ரேடியோ நிற்கவில்லை. பெரும்பாலும் கூலிவேலைக்காரர்கள், சிறு விவசாயிகள். தர்மபுரிக்குச் சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்த் திரும்பும்போது கட்டை வாங்கி, காகிதத்தில் சுற்றியபடியே பிள்ளை கையில் கொடுத்துவிடுவார்கள். நான் கரும்பலகையின் ஓரத்தில் அந்தப் பெயரை எழுதுவேன். கட்டை தீரும்வரை அழிக்கக் கூடாது.

பிள்ளைகள் இதை எடுத்துக்கொண்ட விதம்தான் நான் எதிர்பாராதது. கணக்கு, அறிவியல் என்று பாடத்துக்கு இருந்த பெயர்கள் போய்விட்டன. "இன்னைக்கி எங்க தாத்தா பாடம், டீச்சர்" என்பார்கள். தாத்தா பாடத்தில் குரல் கரகரத்தால் அந்தப் பேரனை மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவன் எழுந்துபோய் ஏரியலை அப்படியும் இப்படியும் திருப்பிவிட்டு வந்து உட்காருவான். தன் வீட்டுக் கட்டை ஓடும் நாள்களில் பள்ளிக்கு வராமல் இருந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை.

தர்மபுரி கடைத்தெருவில் கட்டை விற்ற பாய்க்கு விஷயம் எட்டியிருந்தது. ஒருமுறை நான் சுண்ணக்கட்டி வாங்கப் போனபோது, கேட்காமலே ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார்.

"எங்கம்மா பேருலங்க. உங்க ஜெபமெல்லாம் எனக்குத் தெரியாது. பேர மட்டும் சொன்னாப் போதும்."

சிஸ்டர் சம்மதித்தார். அந்த அம்மாவின் பெயர் பிள்ளைகள் வாயில் முதல் இரண்டு நாள் சரியாக நுழையவில்லை. பிறகு பழகிவிட்டது.

என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். அவளுடைய அப்பா கிணறு வெட்டும் வேலைக்குப் போன இடத்தில் மண் சரிந்து இறந்தவர். அம்மா கூலிவேலை செய்தார். கணவரின் அண்ணன் வீட்டோடுதான் தாயும் மகளும் இருந்தார்கள். அந்தச் சிறுமி ஒருநாள் வீட்டில் சொல்லியிருக்கிறாள், எல்லார் வீட்டுப் பெயரும் பலகையில் வருகிறது, அப்பா பெயர் மட்டும் வரவில்லை என்று. அடுத்த வாரம் அந்த அம்மாவே கட்டைகளோடு பள்ளிக்கு வந்தார்.

"இத நானே போடலாங்களா, டீச்சர்?"

எப்படிப் போடுவதென்று காட்டினேன். போட்டு மூடிவிட்டு, "நானும் ஓரமா ஒக்காந்து கேக்கட்டுங்களா?" என்றார். சுவரோரம் உட்கார்ந்தார். நான் பலகையில் அவர் கணவர் பெயரை எழுதினேன். அவருக்கு எழுத்து தெரியாது. எந்த எழுத்து எங்கே தொடங்குகிறது என்று மகள் அங்கிருந்தே விரலை நீட்டிக் காட்டினாள். பிள்ளைகள் பெயரைச் சொல்லி ஜெபம் செய்தார்கள். பிறகு பின்னங்களைப் பற்றி ஒரு பாடம் வந்தது. கடைசிவரை அசையாமல் கேட்டார். முடிந்ததும், "இதெல்லாம் இவளுக்குப் புரியுதுங்களா?" என்று மகளைக் காட்டிக் கேட்டார். புரியும் என்றேன். தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு கூலி இல்லாத நாள்களில் வந்து உட்காருவார்.

அப்படி அவர் வந்திருந்த ஒரு மதியம், அவர் போட்ட கட்டைகளிலேயே கடலைப் பற்றிய பாடம் ஓடிக்கொண்டிருந்தது. நீர் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று ஒரு பெண்குரல் விளக்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவின் கணவருடைய அண்ணன் வாசலில் வந்து நின்றார். வயலிலிருந்து நேராக வந்திருந்தார், காலில் சேறு. உள்ளே வரவில்லை. சிஸ்டரைக் கூப்பிடச் சொன்னார்.

சிஸ்டர் வந்ததும், பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்கும்படியே பேசினார். "எந்தம்பி பேருல பூச வெக்கச் சொல்லி நான் பணம் குடுத்தனுங்க. இவ அத எடுத்து பேட்டரி வாங்கிப் போட்டிருக்கறா. எனக்கு இன்னைக்கித்தான் தெரிஞ்சிது. செத்தவனுக்கு வெக்கற பூசயத் தின்னுட்டு ரேடியோ பாடணுங்களா? நீங்களே சொல்லுங்க."

சிஸ்டர் வகுப்புக்குள் வந்து, ரேடியோவின் பின்பக்க மூடியைத் திறந்து, கட்டைகளை எடுத்தார். பேசிக்கொண்டிருந்த குரல் பாதிச் சொல்லில் நின்றது. கட்டைகளை அந்த அண்ணன் கையில் கொடுத்தார்.

அவர் இதை எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது. சண்டை போடத் தயாராக வந்தவர், கையில் கட்டைகளோடு நின்றார். சுவரோரம் இருந்த அந்த அம்மா எழுந்தார்.

"மாமா, நான் செஞ்சது தப்புன்னா எங்கூலியில பணத்தத் தந்தறேன். ஆனா ஒண்ணு. பூசயில அவரு பேர சாமியாரு ஒருக்காச் சொல்லுவாரு. இங்க ரேடியோ வெக்கறப்பெல்லாம் இத்தன புள்ளைங்க சொல்லுது. எம்மவ கேக்கறா."

அவர் கரும்பலகையைப் பார்த்தார். அவருக்கும் படிக்கத் தெரியாது என்று நினைக்கிறேன். பிறகு தம்பி மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். கட்டைகளைத் துண்டில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

மீதிப் பாடத்தை நான் நடத்தினேன். நான் தீர்த்தமலைப் பக்கம் பிறந்து வளர்ந்தவள், அதுவரை கடலைப் பார்த்ததில்லை. புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். பலகையில் இருந்த பெயரை அழிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விட்டுவிட்டேன். அந்த அம்மா பள்ளி விடும்வரை சுவரோரமே உட்கார்ந்திருந்து, மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அன்று வீட்டில் என்ன நடக்குமோ என்று எனக்குக் கவலையாக இருந்தது. மறுநாள் சிறுமி வழக்கம்போல வந்தாள். பெரியப்பா யாரிடமும் பேசவில்லை என்றாள்.

சிஸ்டர் சாமியாரிடம் போய் நடந்ததைச் சொன்னார். காணிக்கை இல்லாமலே பூசை வைக்கிறேன் என்று சாமியார் ஒத்துக்கொண்டார். அவரே அந்த அண்ணனுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். பூசையன்று அந்தக் குடும்பம் முழுக்க வந்திருந்தது. தம்பியின் பெயர் சொல்லப்பட்டபோது அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் அழுததை நான் பார்த்தது அப்போதுதான்.

சில நாள் கழித்து அவர் பள்ளிக்கு வந்தார். அதே கட்டைகளை என் மேசைமேல் வைத்தார்.

"பூச ஆயிடுச்சுங்க டீச்சர். இது இங்கியே கெடக்கட்டும்."

போட்டுப் பார்த்தோம். குரல் கேட்டது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது.

"மோட்டரு போடப் போறப்ப டார்ச்சுல போட்டுட்டனுங்க" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

பிள்ளைகள் சிரிக்கவில்லை. பெஞ்சை விட்டு இறங்கி, மேசையைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தார்கள். தம்பியின் பெயர் பலகையில் அப்படியே இருந்தது. அதைச் சொல்லி ஜெபம் செய்தோம். அவர் வெளியே நின்று கேட்டுவிட்டு வயலுக்குப் போனார். அன்று என்ன பாடம் என்று எனக்கு நினைவில்லை. காதைப் பெட்டியில் ஒட்டிவைத்துக் கேட்ட ஒரு பையன், ஒவ்வொரு வாக்கியமாக மற்றவர்களுக்குத் திருப்பிச் சொன்னது நினைவிருக்கிறது.

பிறகு பள்ளிக்கு மின்சாரம் வந்தது. ரேடியோவின் கம்பியைச் சுவரில் செருகினால் போதும். சிஸ்டருக்கு ஒரே சந்தோஷம். ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு இல்லை. அப்பாவுக்கு ரேடியோ சத்தமே ஆகாது என்று சிரித்த மனிதர் வந்து, "அப்ப இனிமே எங்கப்பன் பேரச் சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டார். கட்டை வேண்டாம் என்றால் ஜெபமும் வேண்டாம் என்று அர்த்தமா? சிஸ்டர் யோசித்து, இறந்த எல்லோருக்கும் சேர்த்துப் பொதுவாக ஒரு ஜெபம் என்று வைத்தார். அது யாருக்கும் பிடிக்கவில்லை. பிள்ளைகள் ஒப்புக்குச் சொன்னார்கள். கிணற்றில் இறந்தவரின் மனைவி மட்டும் கோபப்படாமல், "வேற என்ன வேணும், டீச்சர்?" என்று கேட்டார். சுண்ணக்கட்டி என்றேன். வருடத்துக்கொரு முறை, கணவர் இறந்த நாளில், ஒரு பெட்டி வாங்கி வருவார். அன்று நானே, யாரையும் கேட்காமல், அவர் கணவர் பெயரைப் பலகை ஓரத்தில் எழுதிவிடுவேன்.

நான் அந்தப் பள்ளியில் இருந்த கடைசி வருடத்தில் டெலிவிஷன் வந்தது. வெளிநாட்டில் ஏதோ ஓர் ஊர்க் கோயிலில் காணிக்கை பிரித்து, கல்வி ஒளிபரப்பைப் பார்க்கட்டும் என்று எங்களுக்கு அனுப்பிய பணத்தில் வாங்கியது. பெட்டி வைக்கச் செய்த மர அலமாரியில், கொடுத்தவர்களின் பெயர்களும் ஊரும் பித்தளைத் தகட்டில் ஆங்கிலத்தில் இருந்தன. ஆண்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் பெங்களூரிலிருந்து கன்னடம்தான் தெளிவாக வந்தது. வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளைகள் இரண்டு பேர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

முதல் நாள், அந்தத் தகட்டை நான் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"இவங்கெல்லாம் எப்ப செத்தாங்க, டீச்சர்?"

"யாரும் சாகல. உயிரோடதான் இருக்காங்க."

அவள் நம்பவில்லை. உயிரோடு இருக்கிறவர்கள் எதற்காகப் பெயர் போட வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். அதற்குள் படம் தெளிந்துவிட்டது. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.