பசியாறிட்டேன் என்று சொன்ன சில்லு

வெள்ளிக்கிழமை காலை சாமி விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மருத்துவமனையிலிருந்து பக்கத்து வீட்டு அண்ணி. "அவரு போயிட்டாரும்மா" என்றார். அவர் வீட்டுக்காரர் குணா அண்ணன் தேறிவிடுவார் என்றுதான் முருகனிடம் நேர்ந்திருந்தேன். அவன் வேறு விதமாக நினைத்துவிட்டான்.

எங்கள் ஊர் பாயா ரும்புட்டில் அவரிடம் எதையாவது பழுது பார்க்கக் கொடுக்காத வீடு ஏது? "ஸ்க்ரூவ கழட்டுறதுக்கு முன்னாடி சுவிட்சப் பாருங்கலா" என்பார். பாதிப் பழுது அங்கேயே தீர்ந்துவிடும்.

அவர் திணறியதை நான் பார்த்தது ஒரே முறை, சில வருடங்களுக்கு முன்பு. எண்ணெய்ப்பனை ஆலைகளில் எடையைப் பதிந்து வைக்கும் கருவி ஒன்றை அவருடைய கம்பெனி செய்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை முதலாளி முன் அது ஓடினால் அண்ணனுக்கு வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் வீட்டைக் காலி செய்துகொண்டு ஜொகூருக்கு வேலை தேடிப் போகவேண்டும். அண்ணி பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கவே தொடங்கிவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் கோயில் சுண்டலோடு போனேன். மேசை முழுக்க எண் அச்சடித்த காகிதம்.

"டிரைவர்ல கோளாறு தங்கச்சி."

"ஆள மாத்திட வேண்டியதுதானேண்ணே?"

அண்ணி சிரித்துவிட்டார். கரண்டு போனாலும் எழுதியதை மறக்காத ஃபிளாஷ் சில்லு ஒன்று கருவிக்குள் இருக்கிறதாம். அதனோடு பேசும் புரோகிராமுக்குத்தான் டிரைவர் என்று பெயராம். எழுதியதைத் திரும்பப் படித்தால் தப்பாக வருகிறது, மூன்று சில்லு மாற்றியும் அதே கதை என்றார் அண்ணன்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எண் வரிசையைக் கண்டால் விரல் தானாக இறங்கும். இடப்பக்கம் எழுதியது, வலப்பக்கம் படித்தது. வலப்பக்கத்தில் தப்பு வந்த இடமெல்லாம் 80.

"அண்ணே, கெட்டுப்போன சாமான்னா கண்டபடி உளறணும். இது என்ன கேட்டாலும் 'பசியாறிட்டேன், பசியாறிட்டேன்'னுல்ல சொல்லுது?"

அண்ணன் சுண்டலை வைத்துவிட்டுத் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினார். பிறகு மேசையைத் தட்டிச் சிரித்தார். "நெசமாவே அதத்தான் சொல்லுது தங்கச்சி! 80ன்னா 'எழுதி முடிச்சிட்டேன், தயார்'னு அர்த்தம். 'முடிச்சிட்டியா'ன்னு கேட்டவன், 'சரி, இனிமே எழுதினதக் காட்டு'ன்னு சொல்லாம விட்டுட்டேன். சில்லு பொய் சொல்லல. நாமதான் அத முந்தின கேள்வியிலயே நிக்க வச்சிட்டோம்."

விட்டுப்போன அந்தக் கட்டளையை ஒரே வரியில் சேர்த்தார். அந்த வரிக்கு 'பசியாறு' என்றே பெயரும் வைத்தார். திங்கட்கிழமை கருவி ஒரு தப்பும் இல்லாமல் ஓடியது. யார் கண்டுபிடித்தது என்று முதலாளி கேட்டாராம். "என் தங்கச்சி" என்றாராம் அண்ணன். "அவங்களையும் வேலைக்குக் கூட்டிட்டு வா" என்றதற்கு, "அவங்க வீட்டுல ரொம்ப பிஸிலா" என்று சொல்லிவிட்டு வந்தாராம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை!

அண்ணி பெட்டியைப் பிரித்தார். அதனால்தான் இன்னும் ஐந்து வருடம் அண்ணன் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். அந்த ஐந்து வருடத்துக்கு முருகனுக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். யாராவது பொருந்தாத பதில் சொன்னால், முதலில் நான் கேட்ட கேள்வியைப் பார்க்கிறேன். திட்ட வேண்டியிருந்தால் அதற்குப் பிறகு திட்டுகிறேன். பாதி நாள் திட்டவே வேண்டியிருப்பதில்லை.