பொட்டு வைத்த உலர்த்தி

2021ஆம் ஆண்டு, ஐப்பசி அடைமழையில்தான் சென்றாயனை முதன்முதலில் சந்தித்தேன். வாழவந்தியில் காப்பிப் பழம் உரிக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். சிறு தோட்டமும் உண்டு. முப்பத்தெட்டுப் பக்க ஆங்கில ஒப்பந்தம் ஒன்றைத் தமிழில் விளக்கும்படி கேட்டு, பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் என்னிடம் வந்திருந்தார். பருவநிலையைக் காக்கும் தொழில்நுட்பத்தை ஏழை நாடுகளுக்கு வழங்கும் பெருந்தன்மையோடு, வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பதினொரு குடும்பங்களுக்குக் காப்பி காயவைக்கும் சூரிய உலர்த்தி ஒன்றை இரவலாக அளித்திருந்தது. அதன் மூளையாகிய நீலப் பெட்டியின் முத்திரையை எவரும் உடைக்கலாகாது; உடைத்தால் இயந்திரம் திரும்பப் பெறப்படும்.

“ஏனுங்க டீச்சர், இவங்க குடுத்தது மிசினுங்களா, பூட்டுங்களா?” என்றார்.

முப்பத்தெட்டுப் பக்கத்தில் அதற்கு விடையில்லை.

அடுத்த ஆண்டு ஆயுத பூசையன்று பெட்டிக்குச் சந்தனத்தை வாரி அப்பி, உச்சியில் குங்குமப் பொட்டும் வைத்தார். கார்த்திகையில் அறுவடை. மழை விட்டு வெயில் அடித்த வேளையிலும் உலர்த்தியின் விசிறி சுழலவில்லை. பதினொரு குடும்பங்களின் காப்பியும் பூசணம் பூக்கத் தொடங்கியது.

நிறுவனத்துக்கு எழுதினோம். பெட்டியைக் கடல் கடந்து அனுப்ப வேண்டுமாம். ஏற்றுமதி அனுமதி, சுங்கம், காப்புரிமை உறுதிமொழி எல்லாம் முடியப் பத்து வாரம் ஆகும் என்று மிகப் பணிவாகப் பதில் வந்தது.

“பத்து வாரத்துல காப்பி எருவாயிருமுங்க” என்றார் சென்றாயன்.

அவர் மனைவி ராசாத்தி விடவில்லை. “ஊடு பூரா நொம்பப் புளிச்ச வாடை. பொட்டு வெச்ச உங்க சீமை மருமவனுக்கு இன்னும் என்ன சீர் வேணுமாமுங்க?”

சென்றாயன் திருப்புளியை எடுத்து முத்திரையை உடைத்தார். உள்ளே பழுதேதும் இல்லை. அத்தனை சட்டங்கள் காவல் காத்த இரகசியம், ஒரு பச்சைப் பலகையும் சில கம்பிகளுமே.

கழற்றிய மூடியைத் திருப்பிப் பார்த்தவர் ராசாத்திதான். “ஏனுங்க, இதுல ஒரு கண்ணாடிக் குமிழ் இருந்துச்சே? பொட்டு வெச்சே அதும் கண்ண மூடிப்புட்டீங்களா?”

வெயிலை அறியும் கண் அது. சந்தனத்தையும் குங்குமத்தையும் இரவென்று நம்பியிருந்தது. ராசாத்தி ஈரத்துணியால் துடைத்தார். மூடியைப் பூட்டியதும் விசிறி சுழன்றது. காப்பி பிழைத்தது.

நடந்ததை மறைக்காமல் நிறுவனத்துக்கு எழுதச் சொன்னார் சென்றாயன், எழுதினேன். அவர்களும் ஒப்பந்தத்தை மறக்கவில்லை. தை மாதம் லாரி வந்தது. உலர்த்தியை ஏற்றிக் கயிறு கட்டும்போது, சென்றாயன் என்னிடம் இறுதியாகக் கேட்டது இது:

“இன்னொரு கடுதாசி எழுதுங்க டீச்சர். அடுத்த மிசினுல அந்தக் கண்ணப் பக்கவாட்டுல வெக்கச் சொல்லுங்க. நாங்க பொட்டு உச்சியிலதான் வெப்போமுங்க. இந்த யோசனைக்கு முத்திரை கித்திரை ஒண்ணும் வேண்டாம், தொறந்தே அனுப்புங்க.”