பச்சை வட்டத்துக்குள் ஒரு சந்து

ஆரணியில் எந்தத் தெருவுக்கு ரேஷன் கடை எவ்வளவு தூரம் என்று வரைபடம் போடும் வேலையை நான்தான் கேட்டு வாங்கினேன். பகுதிநேரக் கடை ஒன்று புதிதாகத் திறக்கப் போகிறார்கள், அது எங்கே வேண்டும் என்று அந்தப் படம் சொல்ல வேண்டும். ஊர்க்காரன் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரு தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தினமும் வெயில் தாழ்ந்த பிறகு, போனில் புள்ளி வைத்துக்கொண்டே வீடு வீடாகப் போவேன். நெசவாளர் தெருவில் வந்து சேரும் ஒரு சந்தில், ஒற்றை அறை வாடகை வீட்டில் ஓர் அம்மா தனியாக இருந்தார். பட்டு நூல் சுற்றிக் கொடுப்பது அவர் வேலை. சிறு வயதிலேயே இரண்டு கால்களும் விளங்காமல் போய்விட்டதால் மூன்று சக்கர வண்டியில்தான் வெளியே வருவார். ரேஷன் கடை அவர் சந்துக்கு நேர் எதிரே, தெருவைத் தாண்டினால் வந்துவிடும்.

"கடை கிட்டவா, தூரமா?" என்று கேட்டேன்.

"கிட்டதாங்க. ஆனா எனக்கு தூரம்."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா. இன்னும் எத்தினி வீடு பாக்கணும்."

"அப்ப கிட்டன்னே போட்டுக்கோங்க."

போட்டுக்கொண்டேன். படத்தில் கடையைச் சுற்றிப் பச்சை வட்டம் விழுந்தது. அந்தச் சந்து வட்டத்துக்கு நடுவில் இருந்தது. புதிய கடை ஊரின் இன்னொரு கோடிக்குப் போனது. அங்கேயும் தேவை இருந்தது, அதில் பொய்யில்லை. கேள்விப்பட்டு அந்த அம்மா எனக்குப் போன் செய்தார்.

"சரக்கு போடற அன்னிக்கு காலைல ஒரு வாட்டி என்கூட கடைக்கு வாங்க," என்றார்.

போனேன். நெசவாளர் தெருவில் பாவு விரித்திருந்தார்கள். சேலையின் நீள இழைகளைத் தெரு நெடுக இடுப்பளவு உயரத்தில் இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று அறுந்ததை முடிந்துகொண்டிருந்தார்கள். விரித்த பாவை வேலை முடியாமல் எடுக்க முடியாது. நானும் நெசவு வீட்டில் பிறந்தவன்தான். நடக்கப் பழகிய நாளிலிருந்து பாவைக் கண்டால் தானாகக் குனிவேன். அன்றும் பேசிக்கொண்டே குனிந்து அந்தப் பக்கம் போய் நிமிர்ந்தேன். பதில் வராததால் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா பாவுக்கு மறுபுறம் வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கே சொல்ல வந்தவரை அவசரப்படுத்தி அடக்கியவன் நான்தான். சுற்றிப் போகலாமே என்றால், பின்தெருவில் சாக்கடைமேல் போட்டிருக்கும் பலகை வண்டியைத் தாங்காது.

"கார்டக் குடுங்கம்மா, நான் வாங்கியாந்துடறேன்," என்றேன்.

"என் கைரேகை வெக்கணுமேங்க. நீங்க அங்கயே இருங்க. பாவு எடுத்ததும் வர்றேன்."

கடை வாசலில் நின்றேன். அவர் சந்துக்காரர்கள் ஒவ்வொருவராகப் பருப்பும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு, பாவுக்கடியில் குனிந்து வீட்டுக்குப் போனார்கள். வெயில் ஏறிப் பாவைச் சுருட்டிய பிறகு, அவர் கையால் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து விரலை வைத்தார். அரிசி கிடைத்தது.

"பருப்பு தீந்துபோச்சும்மா," என்றார் கடைக்காரர். "எதிர்லயேதான குந்திகினு இருக்கற. அடுத்த மாசமாச்சும் ஜல்தியா வா."