வாசல் செருப்புகளை எண்ணுகிறவள்

மத்தியான நிறுவைக்குத் தேயிலைக் கொழுந்து வந்து இறங்குகிற நேரத்தில் செய்தி வந்தது. சுதர்ஷினி அப்போது ஷிரானி வீட்டு வாசலில் நின்று செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் ஆட்களுக்கு முன்னால் செருப்புகளைப் பார்ப்பது அவள் வழக்கம். பெரியது, சின்னது, பள்ளிக்கூடச் சப்பாத்து, மலைக்குப் போட்டுப்போகிற பூட்ஸ் என்று கண்ணாலேயே ஒரு கணக்குப் போட்டுவிட்டுத்தான் உள்ளே குரல் கொடுப்பாள்.

கைபேசியில், லோரன்ஸ் மாமாவோடு போயிருந்த மேர்வின். மாத்தளை ஆஸ்பத்திரி வார்ட்டுக்கு வெளியே நின்று பேசினான்.

“கேன்சர் இல்லையாம் தங்கச்சி. டீபியாம். மாத்திரையிலயே சொகமாயிருமாம்.”

சுதர்ஷினி செருப்புகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அகப்பையும் கையுமாக ஷிரானி எட்டிப் பார்த்தாள்.

“என்னாடி, லோரன்ஸ் மாமாவுக்கு என்னாவாம்?”

“டீபியாம் அக்கா.”

“அப்பாடா” என்றாள் ஷிரானி. காசநோயின் பெயரைக் கேட்டு ஒருவர் இப்படி மூச்சுவிட்டதை வரிசை வீடுகளாலான அந்த லயம் அதற்கு முன் கண்டிருக்காது.

ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையில், பஸ் இரைந்து திரும்புகிற ஒரு வளைவுக்குக் கீழே இருக்கிறது அந்தத் தோட்டம். சுதர்ஷினி அங்கேயே பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கிறாள், கடைசி வருடம். அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று அவளிடம் கேட்காதவர்கள் தோட்டத்தில் இல்லை. “நம்மளப் பத்தித்தான் படிக்கிறேன்” என்பாள்.

“நம்மளப் பத்தி நமக்கே தெரியுமே. அதுக்கு எதுக்கு கெம்பஸ்?” இது பேச்சியம்மா. கொழுந்தெடுக்கிறவள், லயத்தின் வாய்.

எந்தக் கேள்விக்கும் முன்னால் “சும்மா கேக்குறேன்” என்று சுதர்ஷினி ஒரு வார்த்தை போடுவாள். அதைக் கேட்டதும் பிள்ளைகள் ஓடிவிடும். பேனாவைக் கொண்டையில் செருகிவிட்டு வீடு முழுக்கத் தேடுவாள். எந்த வீட்டிலும் பிளேன்டியை வேண்டாமென்று சொல்லமாட்டாள். ஒரு வீட்டில் குடித்து இன்னொரு வீட்டில் மறுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் லயத்தின் கடைசி வீட்டுக் காம்பராவுக்குப் போய்ச் சேரும்போது வயிற்றில் தேநீர் குலுங்கும். வெயிலடித்தாலும் அப்பாவின் கறுப்புக் குடை கையில் இருக்கும். அதில் ஒரு கம்பி வளைந்திருக்கிறது. திருத்தக் கொடுக்கச் சொன்னால் வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

லயத்துக் குடும்பங்களில் யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அவள் ஆய்வு. ஆனால் கையில் கடதாசியோடு ஒருத்தி வீடு வீடாக ஏறி இறங்குகிறாள் என்றதுமே, அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப் பணத்துக்குப் பேர் எடுக்கிறார்கள் என்று லயம் முடிவுகட்டிவிட்டது. அவள் மேல் வரிசையில் இருக்கும்போதே கீழ் வரிசையில் ஃப்ரிட்ஜ்கள் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டன. ஒரு வீட்டில் டீவியைத் துணியால் மூடி, மேலே மாதா படத்தை வைத்து, மெழுகுதிரியும் ஏற்றியிருந்தார்கள். சுதர்ஷினி அதற்கு முன்னால் சிலுவை போட்டுவிட்டு எதுவும் எழுதாமல் வந்தாள்.

மேர்வின் வீட்டு உள்ளறையில் ஒருவர் தலை வரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருமினார். “சீக்காளி. எழுப்பாத” என்றார்கள். பராமரிப்பு தேவைப்படும் ஒருவர் என்று எழுதிக்கொண்டாள். ஷிரானி வீட்டிலும் ஒரு கம்பளி, ஓர் இருமல். அங்கேயே ஏதோ உறுத்தியது. பேச்சியம்மா வீட்டு வாசலில் பளிச்சென்று விளங்கிவிட்டது: வலது செருப்புக்கு நீல வார், இடதுக்குப் பழுப்பு வார்.

“அத்தே, இது லோரன்ஸ் மாமா செருப்புல்ல?”

கம்பளிக்குள் இருமல் நின்றது.

“செருப்பு மட்டுந்தான் அவருது” என்றாள் பேச்சியம்மா.

கம்பளி குலுங்கத் தொடங்கியது. லோரன்ஸ் சிரித்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். தொழிற்சாலையில் இலை வாட்டி ஓய்வு பெற்றவர், கல்யாணம் கட்டாதவர். வேலை முடிந்ததோடு அவருக்கென்று இருந்த காம்பராவும் கைவிட்டுப் போயிருந்தது.

சுதர்ஷினிக்கு அழுகை வரும்போல் இருந்தது. “மூணு வீட்டுலயும் ஒரே சீக்காளியா? இப்புடியா பொய் சொல்லுவீங்க?”

“என்னா பொய்? சோறு திங்கிறது இங்க. படுக்கிறது ஷிரானி வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில. பெட்டி இருக்கிறது மேர்வின் கட்டிலுக்கு அடியில. இதுல எது பொய்யின்னு படிச்சவ நீயே சொல்லு.”

சுதர்ஷினி, ஆய்வை மேற்பார்க்கும் விரிவுரையாளர் நிஷ்மியா மெடத்திடம் தொலைபேசியில் சொன்னாள். அவர் நன்றாகச் சிரித்துவிட்டு, “ஒரு ஆள் ஒரு வீட்டுலதான் வரணும் மகள். இல்லாட்டி தோட்டத்துல சனம் கூடிப்போயிரும். ரெண்டு லோரன்ஸ வெட்டிட்டு வெள்ளிக்கிழமைக்கு அனுப்புங்க. எந்த ரெண்டுன்னு நீங்களே பாத்துக்கோங்க” என்றார்.

அன்று இருந்த கோபத்தில் குடையைப் பேச்சியம்மா வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். எடுக்கத் திரும்பிப் போனபோது வீட்டுக்குப் பின்னால், விறகு அடுக்கின் பக்கத்தில், லோரன்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. எழுதிக்கொள்ளவும் யாரும் இல்லை. ஆனாலும் இருமல் நிற்கவில்லை.

அவளைக் கண்டதும் வாயைத் துடைத்துக்கொண்டார். “இதையும் எழுதப் போறியா?”

“எத்தன நாளா மாமா?”

“சும்மா, பனிக்கு.”

அப்பாவும் பனிக்கு என்றுதான் சொன்னார். விடுதியிலிருந்து அந்த இருமலை அவள் தொலைபேசியில் கேட்டிருக்கிறாள். இஞ்சி போட்டுக் குடிக்கச் சொல்லியிருக்கிறாள். நெஞ்சில் கட்டி என்று தெரியவந்தபின் அடுத்த மழைக்காலத்துக்கு அவர் இல்லை, குடை இருந்தது.

“நாளைக்கு மொத பஸ்ஸுல போறீங்க. மேர்வின் அண்ணன் கூட வருவாரு. சும்மா சொல்லல மாமா.”

லோரன்ஸ் மறுத்துப் பார்த்தார். அவள் குடையை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றாள். அவர் சரியென்று தலையாட்டும்வரை நகரவில்லை. வார்ட்டில் நிறுத்திக்கொண்டார்கள் என்று தெரிந்ததிலிருந்து, சோதனை முடிவு வரும்வரை, அவள் யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. லயம் அதைக் கவனித்தது. பிள்ளைகள்கூட ஓடாமல் பக்கத்தில் வந்து நின்றன.

முடிவு வந்த அன்று மாலையில் மேர்வின் மறுபடியும் எடுத்தான். சுதர்ஷினி கைபேசியை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“அவரு கூட ஒரே வீட்டுல இருக்கிறவங்க எல்லாரும் வந்து நெஞ்சுப் படம் எடுக்கணுமாம். எந்த வீடுன்னு நர்ஸ் மிஸ் கேக்குறாங்க.”

 இந்த நோயின் பெயர் விழுந்தால் குடிக்கிற கோப்பையைத் தனியாக எடுத்து வைக்கிற இடம் அந்த லயம். உதவிப் பணத்துக்கு மூன்று வீடுகளில் படுத்திருந்த மனிதர், டீபிக்கு எந்த வீட்டில் இருப்பார்? சுதர்ஷினி அதைக் கேட்கவில்லை. குடைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்த செருப்புகளையே பார்த்தாள்.

“எங்க வீடுன்னு சொல்லு” என்றாள் ஷிரானி. “படுக்கிறது இங்கதான.”

நிறுவை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்த பேச்சியம்மா ஈரக் கையோடு வந்தாள். “படுத்தா ஆச்சா? மூணு வேளையும் ஆக்கிப் போடுறவ நானு. எங்க வீட்ட மொதல்ல எழுதச் சொல்லு.”

“ஒன் சோத்தத் தின்னுதான் மனுசனுக்கு இருமலே வந்துச்சு.”

“ஆமா, ஒன் இஸ்தோப்புப் பனியில நெஞ்சு நல்லா குளுந்து இருந்துச்சாக்கும்.”

“சண்ட போடாதீங்க” என்றது கைபேசி. “எங்க வீட்டுப் பேர நான் அப்பவே குடுத்துட்டேன். ரெண்டு வீட்டையும் சேத்துச் சொல்லிர்றேன்.”

மறுநாள் மூன்று வீட்டாரும் குளித்து, நல்ல உடுப்பு உடுத்தி, பிள்ளைகளோடு முதல் பஸ்ஸை மறித்தார்கள். கண்டக்டர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு எங்கே கல்யாணம் என்று கேட்டார்.

“லோரன்ஸுக்கு” என்றாள் பேச்சியம்மா, படியில் கால் வைத்துக்கொண்டே.

சுதர்ஷினி கடைசியாக ஏறினாள். லோரன்ஸ் அவசரத்தில் மேர்வினின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நீல வாரும் பழுப்பு வாருமாக அவருடைய செருப்புகள் ஒரு பையில் இவள் மடியில் இருந்தன. வார்ட்டுக் கட்டிலுக்குக் கீழே அவற்றைச் சோடியாக வைத்துவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்து போய்விட்டது. பேனா அவள் கொண்டையில்தான் இருக்கிறது. வெட்டச் சொன்ன இரண்டு லோரன்ஸையும் அவள் இன்னும் வெட்டவில்லை.