தங்கராசுவின் வெள்ளைத் துண்டு

தங்கராசுவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒன்றரைக் காணி நிலம், இரண்டு மாடு, ஒரு மனைவி, ஒரு வெள்ளைத் துண்டு. இதில் அவர் எதை அதிகம் மதிக்கிறார் என்று மனைவி அம்பிகாவைக் கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வாள்.

துண்டுக்கு அந்த மரியாதை சும்மா வரவில்லை. அரியலூருக்குத் தெற்கே அவர்கள் ஊர் ஏரியில், சித்திரையில் தண்ணீர் வற்றியதும் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஏலாக்குறிச்சி வரைக்கும் சேதி போய், வலையும், மீன்மேல் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக்கூடையுமாகச் சனம் காலையிலேயே வந்து நிற்கும். தங்கராசு கரைமேல் ஏறித் துண்டை வீசும்வரை ஒருவர் காலும் தண்ணீரில் படக்கூடாது. வருஷத்தில் அந்த ஒரு நிமிஷம் அவர்தான் கலெக்டர். மற்ற நாளெல்லாம் அம்பிகா.

ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டும் நாரைகள் அவருக்கு ஆகவே ஆகாது. "நம்ம மீனைப் பூராவும் தின்னு தீக்குதுங்க" என்று இருபது வருஷமாக டீக்கடையில் முழங்கிவந்தார். இந்த வருஷம் வனத்துறை வளர்மதி என்ற பெண்ணைப் பறவைக் காவலுக்குப் போட்டது. அவள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள்.

"ஐயா, இது நத்தைகுத்தி நாரைங்க. உங்க நாத்தைத் தின்னு அழிக்குதே நத்தை, அதான் இதுங்களுக்குச் சோறு."

இருபது வருஷப் பேச்சும் பாழாய்ப் போனதில் தங்கராசுவுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவரே போய் வளர்மதியின் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். உச்சி வெயிலில் தாய் நாரை வாயில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகள் மேல் ஊற்றியது. பிறகு இறக்கையை விரித்து நிழல் கட்டி நின்றது. பைனாகுலரைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு அரைமணி நேரம் ஆனது.

திருவிழாவுக்கு முந்தின நாள் வளர்மதி அவரைத் தேடி வந்தாள். மற்ற கூடுகள் காலி. பிந்திப் பொரித்த நாலு குஞ்சுகள் மட்டும் இரண்டு கூடுகளில் இருந்தன.

"இன்னும் பத்து நாள்ல பறந்துடும் ஐயா. இப்ப ஆளுங்க எறங்குனா தாய் கிட்ட வராது. குஞ்சு வெயில்லயே காஞ்சு செத்துடும்."

"காலையில ஊரு கூடட்டும்மா. நானே தள்ளி வைக்கிறேன். துண்டு யாரு தோள்ல இருக்கு?"

அன்று மாலையே சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேரிடம் சொல்வதும் நானூறு பேரிடம் சொல்வதும் ஒன்றாகுமா? ராத்திரி மாட்டுக்கொட்டகையில் நின்று பேச்சை ஒத்திகை பார்த்தார். மாடுகள் பொறுமையாகக் கேட்டன.

விடிந்ததும் கரையில் நானூறு பேர். தங்கராசு ஏறித் தொண்டையைச் செருமினார். அந்த நேரம் பார்த்து ஒரு குஞ்சு கூட்டிலிருந்து தவறிச் சேற்றில் விழுந்தது. எங்கிருந்தோ ஒரு நாய் அதை நோக்கித் தண்ணீரில் இறங்கியது. பேச்சு மறந்துபோனது. தோளில் கிடந்ததை உருவி, "ச்சூ! ச்சூ!" என்று தலைக்குமேல் வீசினார்.

ஊரே ஓவென்று கத்திக்கொண்டு ஏரிக்குள் குதித்தது.

வேட்டியை மடித்துக் கட்டவும் நேரமில்லாமல் தங்கராசுவும் ஓடினார். நாய்க்கு முன்னால் போய்க் குஞ்சைத் துண்டில் சுற்றி எடுத்தார். வளர்மதி அதை வாங்கி முள்மரத்தில் ஏறிக் கூட்டில் வைத்தாள். அப்புறம் தங்கராசு முழங்கால் சேற்றில், மரத்தடியில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் பக்கம் எவனாவது வந்தா ஊத்தாவைப் பிச்சுடுவேன்!"

"வீசுனதும் நீ, வெரட்டுறதும் நீயா?" என்று கூட்டம் சிரித்தது. ஆனாலும் எதிர்க்கரைக்கு ஒதுங்கிப் போனது.

தாய்நாரைகள் மேலேயே வட்டமடித்தன. கூட்டம் கலைந்து ஒன்று இறங்க உச்சிப்பொழுதானது. இன்னொன்று இறங்கியபோது அதன் கூட்டில் ஒரு குஞ்சு தலையைத் தொங்கப்போட்டிருந்தது. தங்கராசு சேற்றிலேயே நின்று அழுதார்.

"நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாம். நாலு பேரு பாக்கணும்னு நெனைச்சேன் பாரு."

குழம்புக்கு மசாலா அரைத்து வைத்திருந்த அம்பிகா அவர் முகத்தைப் பார்த்தாள். மீன் எங்கே என்று கேட்கவில்லை, ரசம் வைத்தாள்.

மறுநாளிலிருந்து அவர் தினமும் ஏரிக்குப் போனார், துண்டில்லாமல். பத்தாம் நாள் காலை மூன்று குஞ்சுகளும் கிளையை விட்டு எழும்பின. அவர் கை தானாகத் தோளுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. வெறுங்கையையே தூக்கி, அவை கண்ணுக்கு மறையும்வரை ஆட்டிக்கொண்டிருந்தார். கரையில் பார்க்க ஒருவரும் இல்லை. அது அவருக்குத் தோன்றவும் இல்லை.