தாலிக்கொடியைப் பல்லில் கவ்விக்கொண்டு ஏறிய மலை

இன்று காலை மகள் விட்பி நகரிலிருந்து எனக்குப் போன் எடுத்தாள். சிநேகிதிகளோடு அல்பேர்ட்டா பக்கம் மலையேறப் போகிறாளாம்.

"கல்லு உருளும், கவனம் பிள்ளை" என்றேன்.

"அம்மா, திஸ் இஸ் எ ஸ்க்ராம்பிள். கையாலை பாறையைப் பிடிச்சுப் பிடிச்சு ஏற வேணும். உங்களுக்கு உது விளங்காது."

எனக்கு விளங்காதாம்!

(தொண்ணூறுகளில் கயிறும் இல்லாமல், ஹெல்மெட்டும் இல்லாமல், கழுத்தில் தாலிக்கொடியோடு ஏறிய எனக்கு!)

சரி, நீங்களாவது இருந்து கேளுங்கள்.

அப்போது நான் கனடாவுக்கு வந்து சில மாதங்கள்தான். றிச்மண்ட் ஹில் கோயிலில் கலியாணம். ரெக்ஸ்டேலில் நிலத்துக்குக் கீழே ஒரு பேஸ்மென்ற் வீடு. அவர் பின்னேரம் ஃபக்ரரி வேலைக்குப் போனால், நான் நித்திரையான பிறகுதான் வருவார்.

கலியாணத்துக்கு முன் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதிய மனிதர், நேரில் பேசுவது இவ்வளவுதான்: "சாப்பிட்டீரா?" "குளிருதோ?" "கதவைப் பூட்டும்."

நான் மட்டும் என்ன, பெரிய பேச்சுக்காரியா? "இஞ்சாருங்கோ" என்று கூப்பிடுவேன். அதற்கு மேல் வார்த்தை வராது. புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதா? நினைத்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்!

குழாயைத் திறந்துவிட்டு பாத்ரூமுக்குள் இருந்து அழுத நாட்களும் உண்டு. இந்த மனிதரோடு எனக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறதா, இல்லையா? அதுதான் அன்றைக்கு எனக்கிருந்த ஒரே கேள்வி.

அவருடைய கூட்டாளி ரவி அண்ணை முன்பு கல்கரியில் இருந்தவர். மலைப் பைத்தியம். ஃபக்ரரி கோடை லீவுக்குப் பூட்டியதும் தன் வான் வண்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"எடேய் நெடுவல்! கலியாணம் கட்டி இவ்வளவு நாளாச்சு. கோயிலையும் குரோசரிக் கடையையும் விட்டால் வேறை எங்கையாவது இவவைக் கூட்டிக்கொண்டு போனனியோ? ஏறுங்கோ வானிலை!"

(நெடுவல் என்பது என் கணவருக்குக் கூட்டாளிகள் வைத்த பட்டம். ஆள் அவ்வளவு உயரம்.)

ஓடினோம், ஓடினோம், ஒன்ராறியோ மாகாணம் முடியவே இல்லை! வான் முழுக்க மட்டன் றோல்ஸ் மணம். பின் சீற்றில் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

கடைசியில் அல்பேர்ட்டா மலை வந்தது. அண்ணாந்து பார்த்தேன். பாதை என்று ஒன்றைக் காணோம். வெறும் பாறை. உச்சியில் கொஞ்சம் ஸ்னோ.

"பயப்பிடாதையும் தங்கச்சி" என்றார் ரவி அண்ணை. "இது பெரிய கஷ்டமும் இல்லை, லேசும் இல்லை. நடுத்தரம். ஒரு கையை எடுத்தால் மற்றக் கையும் ரெண்டு காலும் பாறையிலை இருக்க வேணும். கல்லுக் கழண்டால் நீர் இங்கிலீசிலை 'றொக்!' எண்டு கத்தும். கீழை வாற ஆள் ஒதுங்குவார்."

பிறகு என் கழுத்தைப் பார்த்தார். "உந்தக் கொடியைக் கழட்டிப் பைக்குள்ளை போடுமன்."

"ஐயோ அண்ணை, கழட்டக் கூடாது!"

புதுப்பெண், கொடியைக் கழற்றுவதாவது!

முன்னால் ரவி அண்ணை, நடுவில் நான், கடைசியில் இவர். கொஞ்சத் தூரம் நன்றாகத்தான் போனது. பிறகு பாறை நிமிர்ந்து, இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிய பள்ளம் போல ஆகிவிட்டது. குனிந்து பிடிக்கும்போதெல்லாம் கொடி சட்டைக்குள்ளிருந்து வெளியே வந்து பாறையில் 'டிங் டிங்' என்று அடித்தது. அத்தனை பவுண் தங்கம் தேய்ந்து போகுமே!

கைகள் இரண்டும் பாறையில். என்ன செய்ய? பல்லில் கவ்விக்கொண்டேன்.

(சிரிக்காதீர்கள். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்!)

அப்படியே இன்னும் கொஞ்சம் ஏறினேன். நான் வலது காலை வைத்த கல் அசைந்தது. தேங்காய் அளவு கல். கழன்றேவிட்டது.

நேர் கீழே இவர். தலையைக் குனிந்து, கால் வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்.

'றொக்' மறந்து போனது. 'இஞ்சாருங்கோ'வும் மறந்து போனது. வாயைத் திறந்தேன், கொடி விழுந்தது.

"யோகன்!!!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்டதும் அப்படியே பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். கல் அவருடைய தோளை உரசிக்கொண்டு போய், கீழே கீழே விழுந்து உடையும் சத்தம் கேட்டது.

இவர் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று அந்த ஒரு நொடியில் நினைத்தேன். கனடாவில் தனியாகிவிடுவேனே என்ற பயமில்லை அது. இவர் வேண்டும் என்ற தவிப்பு.

மேலேயிருந்து ரவி அண்ணை கத்தினார்: "றொக் எண்டு கத்தச் சொன்னால் புருசன்ரை பேரைக் கத்துறீர்! கல்லுக்கும் அவன்ரை பேர்தானோ?"

இவர் உச்சி வரைக்கும் என்னை நிமிர்ந்து பார்க்காமலே ஏறினார். பெயர் சொன்னதற்குக் கோபமோ என்று எனக்குள் அடித்துக்கொண்டது.

உச்சியில் சுற்றிவர மலைகள். ரவி அண்ணை அப்பால் ஒரு கல்லில் சாய்ந்து றோல்ஸைப் பிரித்தார். இவர் வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"கோவமோ?" என்றேன்.

இல்லை என்று தலையாட்டினார். மலைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஃபக்ரரியிலை நான் ஜோ. உவங்களுக்கு நெடுவல். அம்மாவும் செத்துப்போனா. கனடாவுக்கு வந்த நாள் தொட்டு, யோகன் எண்டு என்னை ஒருத்தரும் கூப்பிடேல்லை."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னொருக்காச் சொல்லும்" என்றார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சொன்னேன்.

"காத்திலை கேக்கேல்லை" என்றார்.

திரும்பவும் சொன்னேன்.

"ம்ஹூம். சரியான காத்து."

மக்களே, சத்தியமாகச் சொல்கிறேன்: அன்று அந்த உச்சியில் ஒரு பொட்டுக் காற்றில்லை!